புசல்லாவை மலையில் ட்ரோன் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்? பெலகாவிப் பயிற்சியை வைத்து ஒரு கேள்வி

2025 நவம்பர் 24, காலை

நான் இலங்கை மலையகத்தில், புசல்லாவைத் தேயிலைத் தோட்டப் பக்கம், கல்யாணங்களுக்கு ட்ரோனால் படம் பிடிப்பவன். கேள்வியை நேராகவே போடுகிறேன். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்தும் மித்ர சக்தி இராணுவப் பயிற்சி நேற்று கர்நாடகத்தின் பெலகாவியில் முடிந்தது. நம் பக்கம் பெரும்பாலும் கஜபா படைப்பிரிவினர், 135 பேர். அவர்கள் பக்கம் ராஜ்புத் படைப்பிரிவை முன்னால் வைத்து 170 பேர். மொத்தம் பதினான்கு நாள். ஹெலிகொப்டர்களோடு ட்ரோனும், வரும் ட்ரோனை முறியடிக்கும் வேலையும் பாடத்தில் இருந்தன. போன 135 பேரும் எதைக் கற்றுக்கொண்டு வந்தால் நமக்குப் பிரயோசனம்?

தோளில் வைத்துக் குறிபார்த்து ட்ரோனின் சிக்னலைக் குழப்பும் துப்பாக்கி மாதிரிக் கருவிகளில் காசைப் போடக்கூடாது என்பது என் கட்சி. உக்ரேனில் ஒரு தரப்பு ஓர் அலைவரிசையை அடைத்தால் மறு தரப்பு சில வாரங்களில் வேறொன்றுக்கு மாறிவிடுகிறது. 2024-ல் இருந்து மெல்லிய கண்ணாடி நார்க் கம்பியைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வேறு வந்துவிட்டன. பத்து, இருபது கிலோமீற்றர் கம்பி சுருளில் இருக்கும். ரேடியோவே இல்லாத ஒன்றின் ரேடியோவை எப்படிக் குழப்புவது? இன்று வாங்கும் கருவி அடுத்த வருடம் பெட்டியில்தான் கிடக்கும்.

கற்க வேண்டியது காதால் பிடிக்கும் வித்தையை. உக்ரேன்காரர்கள் 'ஸ்கை ஃபோர்ட்ரெஸ்' என்று ஒரு வலை போட்டிருக்கிறார்கள். கம்பத்தில் ஒரு மைக், ஒரு கைபேசி. அதையே நாடு முழுக்க ஏறக்குறைய 10,000 இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் விலை 400 முதல் 500 டொலர். எல்லாம் சேர்ந்தும் இரண்டு பேட்ரியட் வான்பாதுகாப்பு ஏவுகணைகளின் விலைக்குக் குறைவு. சத்தம் எந்த வழியாக நகர்கிறது என்று கணினி கணக்குப் போட்டு, இயந்திரத் துப்பாக்கியோடு லொறியில் காத்திருக்கும் ஆட்களுக்குச் சொல்கிறது. ஐரோப்பாவில் அமெரிக்க விமானப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஜேம்ஸ் ஹெக்கர் 2024-ல் இதை வெளிப்படையாகப் பாராட்டிப் பேசினார்.

நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமானது எது? காலை பத்து மணி வரைக்கும் மூடுபனி, கமெரா குருடு. ராடார் போடும் பார்வை முதல் மலை முகட்டிலேயே நின்றுவிடும். ஆனால் சத்தம் வரும். காலையில் தொழிலாளரை வேலைக்குக் கூட்டும் பிரட்டுக்குத் தப்புப் பறை அடித்த காலத்தில், தோட்டத்தின் எந்த டிவிசனின் தப்பு என்று தாத்தா படுத்தபடியே சொல்லுவார்.

2025 நவம்பர் 24, இரவு

காலையில் விட்டுப்போன ஒரு கணக்கு. ஹெக்கர் சொன்ன உதாரணத்தில் ஒரு தாக்குதலுக்கு வந்தவை 84 ட்ரோன்கள். இந்த மைக் வலையின் தகவலை வைத்து அவற்றில் 80 சுட்டு வீழ்த்தப்பட்டன. உக்ரேனைத் தாக்க ரஷ்யா அனுப்பும் ஷாஹெட் ட்ரோன் ஒன்றின் விலை 20,000 முதல் 50,000 டொலர் என்று போடுகிறார்கள். பேட்ரியட்டின் புதிய ரக ஏவுகணை ஒன்று ஏறக்குறைய 40 இலட்சம் டொலர். விலை குறைந்ததை விலை கூடியதால் அடித்துக்கொண்டே இருந்தால் யார் முதலில் ஓட்டாண்டி ஆவார் என்று சொல்லத் தேவையில்லை.

2025 நவம்பர் 26

பதுளை நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்கள் சொல்லும் மைக் எந்த ட்ரோனைக் கேட்கிறது? உங்கள் கல்யாண ட்ரோனையா, உக்ரேனுக்கு வரும் ஷாஹெட்டையா?"

நியாயமான கேள்வி. ஷாஹெட் என்பது இரண்டரை மீற்றர் இறக்கை விரிப்பும் ஏறக்குறைய 200 கிலோ எடையும் உள்ள விமானம். பெற்றோல் எஞ்ஜின். உக்ரேன் மக்கள் அதன் சத்தத்தை மொபெட் சத்தம் என்றே சொல்கிறார்கள். அது பல கிலோமீற்றருக்குக் கேட்கும். என் கையில் இருப்பது பற்றரியில் ஓடும் நாலு விசிறி.

அதனால் இன்று காலை ஆறு மணிக்கு ஸ்டூடியோத் தம்பியைக் கூட்டிக்கொண்டு மேல் மலைக்குப் போனேன். காற்று இல்லை. ட்ரோனை 60 மீற்றரில் நிறுத்திவிட்டு, அவன் கைபேசியோடு நடந்துபோய் ஒலிப்பதிவு செய்தான். வெட்டை ரோட்டில் 200 மீற்றர் வரைக்கும் கேட்டது. பீலிப் பக்கம் இறங்கினால் 70 மீற்றரிலேயே தண்ணீர்ச் சத்தம் விழுங்கிவிட்டது. மூன்றாவது விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. கவ்வாத்து வெட்டிய மலைக்கு அப்பால், பள்ளத்தில் நின்ற தம்பிக்கு ட்ரோன் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனால் எதிர்ப்பக்கப் பாறையில் இருந்து கேட்டது. ட்ரோனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "இங்கேதான் அண்ணே இருக்கு" என்று பாறையைக் காட்டினான்.

ஆக, நேற்று முன்தினம் நான் எழுதியதில் பாதி தவறு. உக்ரேன் பெரும்பாலும் சமவெளி. சத்தம் நேராக வரும், நேராகப் போகும். இங்கே ஒரு பள்ளத்தாக்குக்கு நாலு எதிரொலி. தாத்தா தப்பை அடையாளம் கண்டதும் திசையை வைத்து இல்லை. அடிக்கிறவரின் கை அவருக்குத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளைக்கு விடாது என்கிறார்கள். மிச்சத்தை வார இறுதியில் எழுதுகிறேன்.

2025 டிசம்பர் 11

வார இறுதி என்று எழுதிவிட்டுப் போனவன் இன்றுதான் வருகிறேன். கரண்ட் நேற்றுத்தான் வந்தது.

டித்வா புயல் என்ன செய்தது என்று இங்கே வருகிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுக்க 600-க்கு மேற்பட்ட உயிர்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் அதிகம். எங்கள் பக்கம் பெரிய ரோட்டையே இடம் இடமாக மண் எடுத்துக்கொண்டது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது இந்தக் கேள்விக்குள் வந்து விழுகிறது.

27-ஆம் தேதி இரவு எங்களுக்கு மேலே உள்ள டிவிசனுக்குப் போகும் பாதை அறுந்தது. போன் இல்லை. மேலே மூன்று வரிசை லயம், தோட்டத் தொழிலாளர் வீடுகள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக மூன்று பற்றரியை நிரப்பி வைத்திருந்தேன். ஒன்று இருபத்தைந்து நிமிடம் தாங்கும். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

28-ஆம் தேதி மதியத்துக்கு அப்புறம் மூடுபனி கொஞ்சம் விலகியதும் முதல் பற்றரியில் ஏற்றினேன். கோயில் மைதானத்தில் ஆட்கள் நிற்பது திரையில் தெரிந்தது. எண்ணினோம். 31 பேர். ஓர் அக்கா சேலையைக் கழற்றித் தூக்கி ஆட்டினார். திரையைச் சுற்றி நின்ற ஆம்பிளைகள் அழுதார்கள். பிறகு இறங்கி வருவதற்கு எந்தப் பக்கம் மண் உடையாமல் இருக்கிறது என்று பார்த்து, பழைய நாற்றுத் தவரணைக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்தோம். பொழுது சாய்வதற்குள் கயிறும் அரிசியும் கொண்டு எட்டுப் பேர் அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

29-ஆம் தேதி காலை மூன்றாவது லயத்தைப் பார்க்க வேண்டும். அது வளைவுக்கு அப்பால், முதல் நாள் எட்டவில்லை. இரண்டாவது பற்றரியைப் போட்டு விசிறி சுற்றத் தொடங்கியபோது, நடந்தே வந்து சேர்ந்த ஒரு மீட்புக் குழுவின் பொறுப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "எபா மல்லி." வேண்டாம் தம்பி என்று அர்த்தம். ஹெலிகொப்டர் வரப்போகிறது, ட்ரோன் பறக்கக்கூடாது என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்றாடினேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் விடவும் இல்லை.

அன்று முழுக்க எங்கள் பள்ளத்தாக்குக்கு ஹெலிகொப்டர் வரவில்லை. மூடுபனி இறங்கிவிட்டது. மூன்றாவது லயத்தில் கால் உடைந்து கிடந்த ஒரு பாட்டியை டிசம்பர் 1-ஆம் தேதிதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருக்கிறார், பேசுகிறார். ஆனால் இரண்டு இரவு அந்தக் குளிரில் தனியாகக் கிடந்தார்.

2025 டிசம்பர் 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அந்தப் பொறுப்பாளரின் பெயரைப் போடு என்று மூன்று பேர் கேட்கிறார்கள். போடமாட்டேன். அவரும் அன்று காலை ஒன்பது கிலோமீற்றர் சேற்றில் நடந்து வந்தவர்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. ட்ரோனைக் கண்டுபிடிக்க, குழப்ப, வீழ்த்த என்று நாடு நாடாகச் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள். உதவிக்குப் பறக்கும் ஒரு ட்ரோனை "சரி, பற" என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதா? அந்த ஆளிடம் "வேண்டாம்" என்று சொல்ல அதிகாரம் இருந்தது. "இத்தனை மணிக்கு, இத்தனை மீற்றருக்குள் பற" என்று சொல்ல யாரிடம் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

2019-ல் ஈஸ்டர் தாக்குதலுக்கு நாலு நாள் கழித்து, ஏப்ரல் 25-ஆம் தேதி, நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை வந்தபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த வருடக் கல்யாணங்களுக்கு ட்ரோனைத் தொடவே இல்லை. அப்போது தேவையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடை ஒன்றுதான் நமக்குத் தெரிந்த ட்ரோன் பாதுகாப்பு என்றால் அது போதாது.

2025 டிசம்பர் 20

இதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இந்த வருடம் ஜனவரி 9-ஆம் தேதி, லொஸ் ஏஞ்சலிஸில் பெரிய காட்டுத்தீ. கனடாவின் கியூபெக் மாகாணம் கடனாக அனுப்பிய தண்ணீர் அள்ளும் விமானம் ஒன்று அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. தீயைப் பார்க்க ஒருவர் பறக்கவிட்ட சின்ன ட்ரோன் அதன் இறக்கையில் மோதியது. அகலம் மூன்று அங்குலம், நீளம் ஆறு அங்குலம் உள்ள ஓட்டை. விமானி பத்திரமாக இறக்கிவிட்டார். ஆனால் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த விமானம் தரையில் நிற்க வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தியை எனக்கு அனுப்பியது ராகலையில் இருக்கும் ஒரு தம்பி. கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணே, 29-ஆம் தேதி ஹெலி வந்திருந்தால்?"

வந்திருந்தால் எந்தப் பக்கம் இருந்து வந்திருக்கும்? எனக்குத் தெரியாது. எந்த நாட்டு ஹெலி? அதுவும் தெரியாது. அந்த நாட்களில் நம் வானத்தில் நம்முடைய விமானப்படை மட்டும் இல்லை. கொழும்புக்கு வந்திருந்த விக்ராந்த் கப்பலில் இருந்து இந்திய ஹெலிகள் கிளம்பின. பாகிஸ்தான் கப்பலில் இருந்தும் ஒன்று வந்தது. அந்த விமானிகளுக்கு நம் பள்ளத்தாக்குகளும் இங்குள்ள மின்கம்பிகளும் புதிது. நவம்பர் 30-ஆம் தேதி லுனுவிலவில் நம் பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி உயிரை விட்டார். நிவாரணத்துக்குப் பறக்கிறவர்கள் எவ்வளவு மெல்லிய விளிம்பில் பறக்கிறார்கள் என்று அந்தச் செய்தியில்தான் எனக்கு உறைத்தது. அந்த விளிம்பில் என் ட்ரோனும் போய் நின்றிருந்தால்?

அந்தப் பொறுப்பாளர் செய்தது சரி. பாட்டி இரண்டு இரவு கிடந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

2025 டிசம்பர் 21

சிக்னலைக் குழப்பும் துப்பாக்கி அவர்களிடம் இருந்து, அதை என் ட்ரோன் மேல் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டவருக்கு:

நம் ரகச் சந்தை ட்ரோன் கட்டுப்பாட்டு சிக்னலை இழந்தால் தானாக வீட்டுக்குத் திரும்பும். முன்கூட்டிச் சொல்லிவைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்தை நோக்கி நேர்கோட்டில் வரும். சமவெளியில் இது நல்ல ஏற்பாடு. மலையில், கிளம்பிய இடத்தில் இருந்து 100 மீற்றர் என்று வைத்திருந்து, நடுவில் 150 மீற்றர் முகடு இருந்தால் நேராக அதில் போய் விழும். முன்னால் பார்க்கும் சென்சர் மூடுபனியில் ஏமாறும். ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துக் குழப்பினால் திரும்பவும் வராது. காற்று அடிக்கிற பக்கம் மிதந்துகொண்டே போகும். கீழே லயத்துக் கூரை, தகரம், பிள்ளைகள்.

சுட்டு வீழ்த்தினாலும் இதே கதைதான். கையில் கிடைத்த எல்லாப் பாடத்தையும் 'கீழே என்ன இருக்கிறது' என்று கேட்டுவிட்டுத்தான் மலைக்குக் கொண்டுவர வேண்டும்.

2026 ஜனவரி 4

அத்தை வந்திருந்தார். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர். மண்சரிவைக் கேள்விப்பட்டு, பஸ் ஓடத் தொடங்கியதும் பார்க்க வந்தார்.

பெட்டியைத் திறந்து ட்ரோனைக் காட்டி, 31 பேரை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பறக்கவிட்டுக் காட்டட்டுமா என்று முற்றத்தில் வைத்து விசிறியைச் சுழலவிட்டேன். அத்தை எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். "அங்கே நாங்கள் வண்டு என்று சொல்லுவோம், தம்பி" என்றார். வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். விமானப்படையின் ஆளில்லா வேவு விமானங்களுக்கு மக்கள் வைத்த பெயர் அது. இஸ்ரேலில் செய்த சேர்ச்சர், புளூ ஹொரைசன் வகைகள். வண்டு சுற்றினால் அடுத்து என்ன வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும், பங்கருக்கு ஓடும். "சத்தம் நின்றாலும் பயம், நிற்காவிட்டாலும் பயம்."

நவம்பர் 24-ஆம் தேதி நான் 'காதால் பிடிக்கும் வித்தை' என்று எழுதினேன். உக்ரேனைப் பற்றித்தான் எழுதினேன். என் சொந்த அத்தைக்கு அந்த வித்தை பதினாறு, பதினேழு வருடங்களுக்கு முன்பே தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதுவும் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த ட்ரோன் தொழில்நுட்பம்தான். இராணுவ ஒத்துழைப்பு என்று பேசும்போது யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு செய்தியில் வரும். அது யார் தலைக்கு மேலே சுற்றியது என்பது வராது. நான் இந்தப் பயிற்சிகளுக்கு எதிரானவன் இல்லை. ஆனால் இனி இதைப் பற்றி எழுதும் ஒவ்வொரு தடவையும் அத்தை எழுந்து உள்ளே போனது என் கண்ணில் நிற்கும்.

2026 ஜனவரி 16

பொங்கலுக்கு அடுத்த நாள். லேசான விஷயம் ஒன்று.

கோயிலில் பொங்கலைப் படம் பிடிக்க நேற்று ட்ரோனை ஏற்றினேன். பக்கத்து டேர்பன்டைன் மரத்தில் பெரிய குளவிக் கூடு இருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு பத்துக் குளவி கிளம்பி ட்ரோனைத் துரத்திக்கொண்டு வந்தது. அப்பால் ஒரு முப்பது. ஆட்கள் நிற்கிற பக்கம் இறக்கினால் எல்லோருக்கும் கொட்டு விழும் என்று, எதிர்ப்பக்க மலைக்குக் கொண்டுபோய்ப் பற்றரி தீரும்வரை நிறுத்தினேன். கொழுந்து பறிக்கும் அக்காமார் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் தோட்டத்தில் இல்லை. விளையாட்டுக் காரியமே இல்லை அது.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டைக் காவல் காக்கும் குளவி முதலில் கொட்டவில்லை. பக்கத்தில் வந்து பார்த்தது, திரும்பிப் போய் மற்றவற்றைக் கூட்டி வந்தது. ஐரோப்பியர் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்ய நினைப்பதும் அதுதான்: ஒருவர் கண்டதை எல்லோருக்கும் உடனே சொல்வது.

2025 செப்டம்பர் 10 அதிகாலை போலந்துக்குள் இருபது வரையிலான ரஷ்ய ட்ரோன்கள் புகுந்தபோது போலந்தின் எஃப்-16, நெதர்லாந்தின் எஃப்-35 போர் விமானங்கள், இத்தாலியின் கண்காணிப்பு விமானம், ஜெர்மனியின் பேட்ரியட் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. சேர்ந்து செய்ய முடிந்தது பெரிய காரியம். ஆனால் அத்தனை பெரிய இயந்திரங்கள் தேவைப்பட்டது அவர்களுக்கே உறுத்தியது. அதே மாதம் போலந்து உக்ரேனோடு ட்ரோன் பயிற்சிக்கு உடன்பாடு செய்தது. கோபன்ஹேகன் விமான நிலையம் ட்ரோனால் மூடப்பட்ட பிறகு டென்மார்க்குக்கு உக்ரேன் தன் ஆட்களை அனுப்பிச் சொல்லிக்கொடுத்தது. மூன்று வருடமாக உதவி வாங்கிய நாடு இப்போது வாத்தியார்.

2026 ஜனவரி 25

முதல் குறிப்பில் கேட்ட கேள்விக்கு, 135 பேர் எதைக் கற்று வர வேண்டும் என்பதற்கு, இப்போது என் பதில் மாறிவிட்டது.

நெதர்லாந்தில் வ்ரேடபீல் என்ற இடத்தில் நேட்டோ வருடாவருடம் ட்ரோன் எதிர்ப்புக் கருவிகளை வைத்து ஒரு சோதனைப் பயிற்சி நடத்துகிறது. 2024 செப்டம்பரில் 60-க்கு மேற்பட்ட கருவிகள் வந்தன. உக்ரேன் முதல் தடவையாகக் கலந்துகொண்டது அப்போதுதான். ட்ரோனைச் சுட்டு விழுத்துவது அங்கே முழு நோக்கம் இல்லை. ஒரு கம்பனியின் ராடார், இன்னொரு கம்பனியின் கமெரா, மூன்றாவது நாட்டின் சிக்னல் குழப்பி, இவை ஒன்றோடொன்று பேசுமா என்று பார்ப்பதுதான் அதன் உயிர். இதற்கென்று பிரித்தானியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'சேப்பியன்ட்' என்ற பொது மொழியை நேட்டோ எடுத்துக்கொண்டது. யார் செய்த கருவியாக இருந்தாலும் 'இந்த நேரத்தில், இந்த இடத்தில், இப்படி ஒன்றைக் கண்டேன்' என்று அந்த மொழியில் சொன்னால் எல்லாக் கருவிக்கும் விளங்கும்.

இதைப் படித்தபோது எனக்கு நவம்பர் 27 இரவு ஞாபகம் வந்தது. அன்று எங்கள் போனுக்கு வந்த மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் இருந்தது. என் வீட்டில் வாசித்துவிட்டோம். மேல் லயத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த பிள்ளை எழும்பட்டும் என்று காத்திருந்த வீடு இருக்கிறது. எச்சரிக்கை வந்தது, சரியான நேரத்தில் வந்தது, சரியான இடத்துக்கும் வந்தது. அந்த வீட்டுக்கு விளங்கவில்லை.

நேட்டோவில் பல நாடுகள் சேர்ந்து தங்கள் இயந்திரங்களுக்குப் பொது மொழி உண்டாக்குகின்றன. எங்கள் டிவிசனுக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற இரண்டு மொழியில் ஒரு குறுஞ்செய்தி போதும்.

பெலகாவிக்குப் போய் வந்த அதிகாரிகளிடம் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைத்தான் கேட்பேன். ட்ரோனை எப்படி வீழ்த்துவது என்று கற்றீர்கள். வானத்தில் இருப்பவற்றில் நம்முடையது எது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அந்தப் பாதியை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

2026 ஜனவரி 26

'அதற்குத்தான் ரிமோட் ஐடி இருக்கிறதே' என்று இரண்டு பேர். ஆமாம். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024-ல் இருந்து பெரும்பாலான ட்ரோன்கள் பறக்கும்போது தங்கள் இலக்கத்தையும் இடத்தையும் ஒலிபரப்ப வேண்டும். வாகனத்து இலக்கத்தகடு மாதிரி. சாதாரணக் கைபேசியிலேயே பிடிக்கலாம். எதிரி ஒலிபரப்பமாட்டான்தான். ஆனால் ஒலிபரப்புகிறவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதைத்தான் தேட வேண்டும், வேலை பாதியாகிறது.

ஆனால் அதன் சிக்னல் புளூடூத், வைஃபை வழியாகப் போவது. ஒரு முகட்டைத் தாண்டாது. நவம்பர் 26 சோதனையில் தம்பி நின்ற பள்ளத்தில் அதுவும் எட்டாது. இங்கே எதைக் கொண்டுவந்தாலும் மலை ஒரு கேள்வி கேட்கும். மலைக்குப் பதில் சொல்லக்கூடிய ஒன்று, முகட்டுக்கு முகடு நிற்கும் ஆளும் அவர் கையில் ஒரு வோக்கி டோக்கியும்.

2026 பிப்ரவரி 8

செய்ததைச் சொல்கிறேன்.

கொத்மலை, புசல்லாவை, றம்பொடைப் பக்கம் ட்ரோன் வைத்திருக்கும் படக்காரர்களையும், மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டும் இரண்டு தம்பிமாரையும் தேடிப் பிடித்தேன். பதினொரு பேர். ஒரு தாளில் ஒவ்வொருவரின் ட்ரோன் ரகம், எடை, பதிவு இலக்கம், எத்தனை பற்றரி, எந்த எந்த டிவிசனை அவருக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதினோம். அடியில் நாங்களே போட்டுக்கொண்ட மூன்று கட்டுப்பாடு. அனுமதி சொல்லாமல் கிளம்புவதில்லை. ஹெலி சத்தம் கேட்டால், எந்தத் திசை என்று யோசிக்காமல் உடனே இறக்கிவிடுவது, ஏனென்றால் திசையை மலை மாற்றிச் சொல்லும். எடுத்த படத்தை மீட்பு வேலைக்குத் தவிர எங்கும் போடுவதில்லை. மூன்றாவதை அத்தைக்காகச் சேர்த்தேன்.

தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சுச் செய்து, கிராம சேவகரிடம் ஒரு பிரதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி கொடுத்தோம். 'அனர்த்த நேரத்தில் இந்தப் பதினொரு பேர் எந்த இலக்கத்துக்கு அழைத்து அனுமதி கேட்க வேண்டும்?' என்பதுதான் கடிதத்தின் ஒரே கேள்வி. கிராம சேவகர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, தன் சொந்தப் போன் இலக்கத்தைப் பேனாவால் எழுதித் தந்தார். இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், மேலே இருந்து பதில் வந்ததும் மாற்றலாம் என்றார்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்றாவது லயத்து வளைவில் ஒத்திகை. முகட்டில் தம்பி வோக்கியோடு நிற்பான். வர விரும்புகிறவர்கள் மழைச் சட்டை கொண்டு வாருங்கள். டேர்பன்டைன் மரத்துப் பக்கம் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.